கரையோரப் பாத்தி

என் அக்காவுக்கு அணையில் வேலை என்று சொன்னால் போதும், கேட்பவர்கள் உடனே பெரிய பெரிய இரும்புக் கதவுகளையும் நுரைத்துக்கொண்டு விழும் தண்ணீரையும் மனதுக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். விளக்கி விளக்கி என் வாய் வலித்ததுதான் மிச்சம். அது மண் அணை. நீளமாக ஒரு மண் கரை, அவ்வளவுதான். தண்ணீர்ப் பக்கம் கல் பாவியிருக்கும், இந்தப் பக்கம் வெறும் புல். தெரியாதவர்கள் ஏதோ மேடு என்று நினைத்துக் கடந்து போய்விடுவார்கள். ஆனால் அந்த மேட்டுக்குப் பின்னால் நிற்கிற தண்ணீரைத்தான் ஊரே குடிக்கிறது. என் இஸ்திரிக் கடையில் துணிமேல் தெளிக்கிற தண்ணீர்கூட அங்கிருந்துதான் வருகிறது.

அக்காவின் வேலைக்குக் கரைக் காவலர் என்று பெயர். அவள் சேர்ந்த புதிதில், "யாருக்கா திருடன்? தண்ணிய சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போறவனா?" என்று கிண்டல் செய்தேன்.

"தண்ணிய யாரும் தூக்க வேண்டாம்டி. தண்ணியே மண்ணைத் தூக்கிட்டுப் போயிடும். அதுக்குத்தான் காவல்" என்றாள்.

அவளிடம் கிண்டல் செய்தால் இப்படித்தான் முடியும். சிரிக்கவும் மாட்டாள், கோபப்படவும் மாட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். எனக்கு வாய் நீளம், அவளுக்கு வாயே இல்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

காலையில் எழுந்ததும் கரையின் உச்சியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்பாள். எங்காவது விரிசல் இருக்கிறதா, மண் இறங்கியிருக்கிறதா, எலி வளை பறித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவாள். திரும்பி வரும்போது கரையின் அடிவாரமாக வருவாள். அப்போது மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். முள் குத்தும், பூச்சி கடிக்கும் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். "புல்லுக்குள்ள இருக்கற ஈரம் கண்ணுக்குத் தெரியாதுடி, காலுக்குத் தெரியும்" என்பாள். மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யுமாம். ஆனால் எங்கே கசிகிறது, நேற்று இருந்ததா, இன்றைக்குப் புதிதா என்று தெரிந்திருக்க வேண்டுமாம்.

இந்தப் பழக்கத்தை வீட்டு வாசலோடு விட்டுவிட்டு வருகிறாளா என்றால் அதுவும் இல்லை. என் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்காரும் முன்பே, "இங்க ஏன் ஈரமா இருக்கு?" என்பாள். ஒரு தடவை ஃபிரிட்ஜை நகர்த்தி, சுவரைத் தடவி, கடைசியில் மாடி வீட்டுக் குழாயில் போய் நின்றாள். மாடி வீட்டு அம்மா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மானம் போனது எனக்குத்தான்.

கரையில் செடி, மரம் எதுவும் முளைக்க விடமாட்டாள். வேர் உள்ளே இறங்கும், ஒருநாள் அது மக்கிப்போனால் அந்த வழியாகத் தண்ணீர் புகுந்துவிடும் என்பாள். ஒரு பெரிய மனிதர் போட்டோ எடுக்கிறவரோடு வந்து கரை உச்சியில் மரக்கன்று நடுவேன் என்று நின்றார். அக்கா மறுக்கவில்லை. போட்டோ எடுக்கும் வரை பொறுமையாக மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் கார் கிளம்பியதும் கன்றை வேரோடு எடுத்து வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நட்டுவிட்டாள். அந்த மரம் இன்றைக்கு நன்றாக நிழல் தருகிறது.

இவ்வளவு கறாரான என் அக்கா ஒரே ஒரு இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். அது என் மாமாவுக்காக, அதாவது அவள் கணவருக்காக.

மாமா டெய்லர். கடைத்தெருவில் என் இஸ்திரிக் கடைக்கு எதிரிலேயே கடை வைத்திருந்தார். சொன்ன தேதிக்குச் சட்டை கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. ஆனாலும் அங்கே கூட்டம் குறையாது. அவர் பேச்சைக் கேட்கவே நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அக்காவுக்கு இந்த வேலை கிடைத்தபோது, கரைக் காவலர் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கரைக்குக் கீழே இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாகச் சின்ன வீடு. நிரந்தர வேலையை யார் விடுவார்கள்? மாமா கடையைக் காலி செய்தார். தையல் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆள் நடமாட்டமே இல்லாத அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். வந்த கையோடு முகத்தையும் தூக்கி வைத்துக்கொண்டார்.

"இங்க யாருக்கு அளவெடுக்கறது? கொக்குக்கா?" என்பார். பேச்சு கொஞ்சம் முற்றினால், "நான் கடைத்தெருவுக்கே போயிடறேன். நீ உன் கரையைக் கட்டிக்கிட்டு அழு" என்பார். அவர் விட்டுவந்த இடத்தில் வேறு எந்த வியாபாரமும் நிலைக்கவில்லை. அதன் சொந்தக்காரர் வேறு, பார்க்கும்போதெல்லாம், "டெய்லரை வரச் சொல்லும்மா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். மாமா கடைத்தெருப் பேச்சை எடுத்தால் அக்கா பதில் சொல்லமாட்டாள். உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். தேய்த்து வைத்ததையே மறுபடி எடுத்துத் தேய்ப்பாள்.

அப்படிப்பட்ட மனிதரைக் கட்டிப்போட்டது தோட்டம்தான். பொழுது போகாமல் சமையலறைக்குப் பின்னால் நாலு மிளகாய்ச் செடி வைத்தார். அது பிடித்துக்கொண்டது. பிறகு தக்காளி, கத்தரி. பிறகு வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு பீன்ஸ். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுப் பூசணி. இப்படியே வேலி நகர்ந்து நகர்ந்து கரையின் அடியில் போய் முட்டியது.

அந்தக் கரையோரப் பாத்தி இருக்கிறதே, அதைப் பார்த்தால் யாருக்கும் பேச்சு வராது. பூசணிக்காய் ஒன்றைத் தூக்க எனக்கு இரண்டு கையும் போதாது. வெயில் காலத்தில் எல்லார் வீட்டுச் செடியும் சுருண்டு கிடக்கும்போது அங்கே இலை பளபளவென்று நிற்கும். நான் கடைக்குக் கொண்டுபோய் நாலு பேருக்குக் கொடுத்தேன். "டெய்லருக்கு என்ன கைராசி பாரு" என்று பேச்சு பரவியது. விதை கேட்டு வந்தார்கள், நாற்று கேட்டு வந்தார்கள். கடைத்தெரு பெஞ்சுக் கூட்டம் மெல்ல மெல்லத் தோட்டத்துக்கு இடம் மாறியது. மாமா பூசணிக் கொடிக்கு நடுவில் நின்றுகொண்டு, "செடிகிட்ட பேசணும், சார். சும்மா தண்ணி ஊத்தினா வளராது" என்று பாடம் நடத்துவார். முகம் தொங்கிக் கிடந்த மனிதர் பழையபடி ஆனார். அக்கா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கரையடியில் எதுவும் பயிர் செய்யக் கூடாது என்பது விதி. அக்காவுக்கு அது தெரியும். வேலி நகர்ந்ததும் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. காலையில் வெறுங்காலோடு அடிவாரமாக நடந்து வருபவள், மாமாவின் வேலி வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போய்விடுவாள். "ஏன்க்கா, இங்க மட்டும் சோதனை கிடையாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது உங்க மாமா ஈரம்டி. காலையும் சாயங்காலமும் குடம் குடமா ஊத்தறாரு. அதுல போய் என்னத்தைக் கண்டுபிடிக்கறது" என்றாள்.

நானும் சரி என்று விட்டுவிட்டேன். எனக்கென்ன தெரியும்?

போன வருடம் மழை நன்றாகப் பெய்து நீர்த்தேக்கம் விளிம்பு வரை நிரம்பியது. மழை நின்றதும் வெயில் பிடித்துக்கொண்டது. அந்தச் சமயத்தில் மாமாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. மகள் வேறு ஊரில் இருக்கிறாள். அங்கேயே ஆபரேஷன் செய்துகொண்டு, கண் ஆறும் வரை அவள் வீட்டிலேயே இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. பஸ் ஏறும் வரை அக்காவின் உயிரை எடுத்துவிட்டார். எந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர், எப்போது, எப்படி என்று ஒரே உபதேசம். "வேற எது போனாலும் போகட்டும், கரையோரத்துப் பாத்தி எனக்கு உசிரு. பார்த்துக்கோ" என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன மறுநாளே அக்காவுக்குத் தலைக்குமேல் வேலை வந்தது. தண்ணீர் முழு மட்டத்தில் நின்றதால் அலை அடித்து அடித்து உள்பக்கத்துக் கற்கள் சில இடங்களில் சரிந்துவிட்டன. ஆட்களை வைத்துத் திரும்ப அடுக்க வேண்டியிருந்தது. பகல் முழுக்க அவர்களோடு நின்றாள். தோட்டம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. சாயங்காலம் போன் வந்தது.

"ஊத்தினியா?"

"ஊத்தினேங்க."

"கரையோரத்துக்கு?"

"அதுக்கும்தான்."

என் அக்கா பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. அதனால்தானோ என்னவோ அவளுக்கு அதிலிருந்து வெளியே வரத் தெரியவில்லை. ஒருநாள் சொன்ன பொய்யைக் காப்பாற்ற மறுநாளும் சொன்னாள். அப்புறம் ஊற்றலாம் என்று பார்த்தால் ஜன்னலுக்கு நேராக இருந்த தக்காளி கருகியிருந்தது. பயந்துபோய் ஜன்னலில் துணியைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டாள். பின்கதவைத் தாழ் போட்டுவிட்டாள். அவ்வளவு பெரிய கரையைக் காவல் காக்கிறவள் கொல்லைக் கதவைத் திறக்கப் பயந்துகொண்டு கிடந்தாள்.

"நாளைக்கு அவர் வராரு, நீயும் வாடி" என்று போனில் கூப்பிட்டாள்.

"எதுக்கு?"

"நீ இருந்தா சத்தம் போடமாட்டாரு."

பஸ் நிலையத்திலிருந்து நான்தான் கூட்டிவந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வழியெல்லாம் பூசணியைப் பற்றியே பேச்சு. வீட்டுக்குள் நுழைந்தவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராகப் பின்கதவைத் திறந்துகொண்டு போனார். நானும் அக்காவும் சமையலறையில் நின்றோம். அக்கா முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"இங்க வா" என்று குரல் வந்தது.

போனோம். சமையலறையை ஒட்டியிருந்த மிளகாய், தக்காளி, கத்தரி எல்லாம் குச்சி குச்சியாக நின்றன. தொட்டால் ஒடிந்துவிடும். மாமா அதையெல்லாம் தாண்டிக் கரையோரத்தில் நின்றுகொண்டிருந்தார். அங்கே பூசணியும் பீன்ஸும் அப்படியே இருந்தன. அப்படியே என்ன, முன்பைவிடச் செழிப்பாக இருந்தன.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "கிட்ட இருந்ததெல்லாம் போச்சு. போகட்டும். உனக்கு எவ்வளவு வேலை இருந்திருக்கும்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு நடுவுல, இது எனக்கு உசிருன்னு சொன்னேனேன்னு, இவ்வளவு தூரம் தண்ணி சுமந்து இதுக்கு மட்டும் ஊத்தியிருக்கே பாரு" என்றார். அப்புறம், "இங்க வந்த நாள்லேர்ந்து உன்னைத் திட்டிக்கிட்டேதான் இருந்திருக்கேன். இனிமே கடைத்தெரு பேச்சு எடுக்கமாட்டேன்" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்காவின் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினேன். 'ஆமாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் எத்தனையோ வருடமாகக் காதால் கேட்கக் காத்திருந்த பேச்சு அது. சும்மா கிடைக்கிறது, வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?

ஆனால் அவள் மாமாவைப் பார்க்கவே இல்லை. பூசணி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. குனிந்து செருப்பைக் கழற்றினாள். பாத்திக்குள் இறங்கி நின்றாள். விரல் இடுக்கில் சேறு பிதுங்கிக்கொண்டு வந்தது.

"நான் ஒரு சொட்டுகூட ஊத்தலைங்க" என்றாள்.

மாமாவுக்குப் புரியவில்லை. எனக்கும் முதலில் புரியவில்லை. அக்கா அதற்குள் வீட்டுக்குள் ஓடி ஒரு கண்ணாடித் தம்ளரைக் கொண்டுவந்து, கையால் பள்ளம் பறித்து, ஊறி வந்த தண்ணீரில் முதலில் வந்ததை வாரி இறைத்துவிட்டு அடுத்து வந்ததை அதில் பிடித்தாள். சமையலறை மேடையில் வைத்தாள். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். மெல்ல மெல்லத் தம்ளரின் அடியில் மாவு போல மண் படிந்தது.

"வெறும் தண்ணி வந்தா பயமில்ல. கரை மண்ணைக் கூட்டிக்கிட்டு வருது" என்று சொல்லிவிட்டு இன்ஜினியருக்குப் போன் செய்தாள்.

அன்றைக்கே வந்துவிட்டார் இன்ஜினியர். பாத்தியைப் பார்த்தார், தம்ளரைப் பார்த்தார். நீர்மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க உத்தரவு போட்டார். ஈரமாக இருக்கிற இடம் முழுவதையும் தோண்டி, மணல், ஜல்லி, கல் என்று வரிசையாக நிரப்ப வேண்டும் என்றார். "தண்ணி வெளியே வரலாம், மண்ணு வரக் கூடாது. அதுக்கு வழி பண்ணிட்டா கரைக்கு ஒண்ணும் ஆகாது. நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க."

அப்புறம் பூசணிக் கொடியைப் பார்த்துவிட்டு, "இங்க பாத்தி போட்டிருக்கக் கூடாது இல்லையா?" என்றார்.

"தப்புதாங்க. தெரிஞ்சேதான் விட்டேன்" என்றாள் அக்கா.

அவர் அதற்கு மேல் துருவவில்லை. நல்ல மனிதர். மாமாவிடம் திரும்பி, "காயெல்லாம் பறிச்சுக்கோங்க. நாளைக்கு ஆளுங்க வந்துடுவாங்க" என்று தணிவாகச் சொன்னார்.

மாமாவே கத்தியை எடுத்துப் பூசணிக் கொடிகளை ஒவ்வொன்றாக அறுத்தார். காய்களையெல்லாம் திண்டு போட்ட மாதிரி சுவரோரம் அடுக்கிவிட்டு என்னிடம் கேட்டார்: "அப்ப ஊரே வாயைப் பிளந்து பார்த்தது, உங்க அக்கா அணை ஒழுகினதையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்வது, என் பிறவிக் குணம். அவர் சிரிக்கவில்லை. "கைராசியாம், கைராசி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். தைக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஆட்கள் வந்து தோண்டி, நிரப்பி, வேலை முடிகிற வரைக்கும் அவர் அப்படியேதான் இருந்தார். அக்காமேல் கோபம் என்று சொல்ல முடியாது. கோபமாக இருந்தால் கத்தியிருப்பார், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஒருநாள் கடைக்குப் போன் செய்து, "உனக்கு எதிர்ல அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்கா?" என்று கேட்டார். அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துடும் உனக்கு?" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவைக் கடை சொந்தக்காரரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. நான் போனபோது அக்கா கரையடியில் இருந்தாள். பாத்தி இருந்த இடத்தில் இப்போது கற்கள் சீராக அடுக்கியிருந்தன. கீழே ஒரு குழாய் முனை வழியாகத் தண்ணீர் மெல்லிசாக வந்துகொண்டிருந்தது. அதைத் தம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒரு துளி மண் இல்லை. அவள் முகமும் தெளிந்திருந்தது.

மாமா நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பின்கதவு வழியாக வந்தார். "போலாமா?" என்றார் என்னிடம்.

"என்னங்க, ஒரு நிமிஷம் இதைப் பாருங்க" என்றாள் அக்கா.

அவள் காட்டியது சமையலறையை ஒட்டிக் கருகி நின்ற குச்சிகளை.

"அந்தச் சருகைப் பார்த்து என்ன ஆகப் போகுது?"

"நீங்க ஊருக்குப் போனீங்க. நான் எதுக்குமே தண்ணி ஊத்தல. கரையோரத்துல இருந்தது உங்களைத் தேடவே இல்ல. நீங்க இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரின்னு நின்னுச்சு. இது அப்படி இல்ல. நீங்க போன ரெண்டாவது நாளே தலையைத் தொங்கப் போட்டுடுச்சு. நான்தான் பார்க்க மாட்டாம துணியைக் கட்டி மறைச்சேன். இத்தனை வருஷமா இங்க காய்ச்சதெல்லாம் நீங்க வளர்த்ததுதாங்க. கைராசி இல்லைன்னு யாரு சொன்னது?"

என் அக்கா வாயிலிருந்து ஒரே மூச்சில் இத்தனை பேச்சு வந்து நான் கேட்டதில்லை. மாமாவும் கேட்டிருக்கமாட்டார். அவர் அந்தக் குச்சிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா தம்ளரில் இருந்த தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றினாள். நிமிராமலே, "நானும் சமையல்கட்டுப் பக்கம்தாங்க" என்றாள்.

எனக்குக் கண்ணில் பொலபொலவென்று கொட்டிவிட்டது. திரும்பி நின்று மூக்கைச் சிந்தினேன். மாமா சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

"புதுசா இஸ்திரி போட்டது, சேறாயிடும். அந்த மண்வெட்டி எங்கே?" என்று அக்காவிடம் கேட்டுவிட்டு, "ஏம்மா, நீ கிளம்பு. உனக்கும் வேலை இருக்கும்" என்றார் என்னிடம்.

கழற்றிய சட்டையைக் கதவில் மாட்டிவிட்டு அவர் சமையலறை ஓரத்துப் பாத்திக்குள் இறங்கினார். அக்கா குடத்தை எடுக்கப் போனாள். நான் கரை உச்சி வழியாகவே நடந்து ஊருக்குள் வந்தேன். வருகிற வழியிலேயே கடை சொந்தக்காரரைப் பார்த்து, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.